எமனைக் கொன்றுவிட்டால் அப்புறம் யார் சாவார்கள்?

ஜூன் பிறந்தால் போதும், இன்பாக்ஸில் வந்து நிற்பார்கள். "அக்கா, மாஸ்டர்ஸ் பண்ணணும், எந்த நாடு பெஸ்ட்?" ஏஜென்சிக்காரர் கொடுத்த பட்டியல் கையில் இருக்கும். எந்த நாட்டில் விசா சுலபம், எங்கே பி.ஆர். சீக்கிரம் கிடைக்கும், எல்லாம் விரல்நுனியில். என்ன படிக்கப் போறே என்று கேட்டால் மட்டும் "அதை அங்க போய்ப் பாத்துக்கலாம்க்கா."

நான் குறை சொல்லவில்லை. வீட்டை அடமானம் வைத்துப் போகிற பிள்ளைக்கு வேலைதான் முதல் கவலை. ஆனால் கையில் ஒரு கேள்விகூட இல்லாமல் போகிறவர்கள் இரண்டாவது குளிர்காலத்துக்குள் வாடிப்போவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு ஒரு கேள்வி இருந்தது. அதுவும் நானாக யோசித்தது இல்லை. வேறு சாமி கும்பிடுகிற ஒருத்தி என்னிடம் கேட்டது.

எங்கள் ஊர் பொறையாறு பக்கம். தோழி தரங்கம்பாடி, லுத்தரன் குடும்பம், தாத்தா உபதேசியார். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது என் சித்தப்பாவின் மணிவிழாவுக்குத் திருக்கடையூர் வந்திருந்தாள். மார்க்கண்டேயனைப் பிடிக்க வந்த எமனைச் சிவன் காலால் உதைத்துக் கொன்ற கதையைப் பெருமையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவள், பந்தியில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே கேட்டாள்: "சரிடி, எமனையே கொன்னுட்டா அப்புறம் யாரு சாவாங்க?"

எனக்குப் பதில் தெரியாது. அத்தனை வருஷம் அந்தக் கோயிலுக்குப் போயும் அப்படி ஒரு சந்தேகமே எனக்கு வந்ததில்லை. அப்பாயிதான் சொன்னார்: சாவே இல்லாமல் போனதால் பாரம் தாங்காமல் பூமாதேவி போய் முறையிட, சிவன் எமனை மறுபடி எழுப்பிவிட்டாராம். மறுநாள் ஓடிப்போய்ச் சொன்னேன். "அப்ப உதைச்சதுக்கு என்ன பிரயோஜனம்?" என்றாள். இது எங்களுக்குள் இன்றுவரை தீரவில்லை.

வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களுக்கு இப்படிக் கேட்க வராது. நமக்குக் கதை தெரியும், பழகிவிட்டது, கை கூப்பிவிட்டு நகர்ந்துவிடுவோம். கிறிஸ்துமஸுக்கு அச்சுமுறுக்கு, பொங்கலுக்குக் கரும்பு என்று தட்டு மாற்றிக்கொள்வதோடு நின்றுவிடுகிற மத நல்லிணக்கத்தில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. அதில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. கேட்கிற உரிமை வருகிற அளவுக்குப் பழகினால்தான் அது சிநேகம்.

பதிலுக்கு அவள் என்னைப் புது எருசலேம் ஆலயத்துக்குக் கூட்டிப்போனாள். 1718இல் கட்டியது. உள்ளே பலிபீடத்தின் முன்னால் சீகன்பால்க் கல்லறை. 1706இல் டென்மார்க் அரசர் அனுப்பித் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன்காரர், 1719இல் இறக்கும்போது வயது 36. அச்சுக்கூடம், தமிழில் புதிய ஏற்பாடு, அதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே உண்டு. பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்றை அவளுடைய தாத்தா சொன்னார். சீகன்பால்க்கும் உடனிருந்த குருண்ட்லரும் சேர்ந்து நம் ஆட்களுக்குக் கடிதம் கடிதமாக எழுதி, உங்கள் சாமி என்ன, சடங்கு என்ன, எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். 1712 முதல் 1714 வரை வந்த பதில்களில் 99 கடிதங்கள் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் ஜெர்மனியில் இருக்கிற ஹாலே நகரத்துக்குப் போய் அங்கே அச்சாகியிருக்கின்றன. தமிழ் மூலம் கிடைக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் பக்கத்து மனுஷர்கள் தங்கள் சாமியைப் பற்றித் தங்கள் வாயால் சொன்னது, இன்று ஜெர்மன் வழியாகத்தான் நமக்குக் கிடைக்கிறது. எங்கள் அப்பாயியின் அப்பாயிக்கு அப்பாயி என்ன பதில் சொல்லியிருப்பார் என்று தெரிய நான் ஜெர்மன் படிக்க வேண்டும். பி.காம். முடித்துவிட்டு வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவள் ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தது இதனால்தான். "வேதக்காரப் பிள்ளையோட சேந்து சுத்துனா இப்படித்தான், நாளைக்கு ஞானஸ்நானம் வாங்கிட்டு வந்து நிப்பா" என்று ஒரு பெரியம்மா ஆரூடம் சொன்னார். நான் இன்றும் திருநீறு பூசுகிறேன். பெரியம்மாவுக்குத்தான் ஏமாற்றம்.

ஹாலேயில் பிராங்கே என்ற பாதிரியார் தொடங்கிய பிராங்கே நிறுவனங்களின் பழைய அனாதை இல்லக் கட்டடத்தில் ஓர் அரும்பொருள் கூடம் உண்டு. கடல் கடந்து வந்த எத்தனையோ பொருள்களோடு நம் ஊர்ச் சாமான்களும் அங்கே கண்ணாடிக்குள் இருக்கின்றன. ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகளே இருக்கின்றன. மொழியை ஒருவழியாகத் தேற்றிக்கொண்டு போனால், அந்தக் காலத்துக் கையெழுத்து வேறு மொழிபோல இருக்கிறது. குரெண்ட் என்பார்கள். அதில் 'e' எழுத்தும் 'n' எழுத்தும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. ஒரு பக்கம் படிப்பதற்குள் காலை போய் மதியம் வந்துவிடும். ஏதாவது ஓர் ஊர்ப் பெயர் சட்டென்று பிடிபடும்போது மட்டும் பக்கத்து மேசைக்காரரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருக்கும். கடிதம் எழுதியவர்கள் கூழைக் கும்பிடு போடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. நீங்கள் குடிக்கிறீர்கள், மாட்டிறைச்சி தின்கிறீர்கள், சுத்தபத்தம் கிடையாது, உங்கள் வேதத்தை எப்படி ஏற்பது என்று முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கிறார்கள்.

"மதம் மாற்ற வந்த ஆளைப் போய்த் தூக்கிப் பிடிக்கிறீர்களே" என்று யாராவது ஆரம்பிப்பீர்கள். ஆமாம், மாற்றத்தான் வந்தார். வந்த புதிதில் சாமி சிலைகளை உடைத்ததை அவரே எழுதியிருக்கிறார். அதே ஆள்தான் திண்ணைப் பள்ளி வாத்தியாரைத் தன் வீட்டுக்கே வரவழைத்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் படித்தார். 1713இல் நம் தெய்வங்களைப் பற்றி ஒரு நூலே எழுதி முடித்தார். ஹாலேயில் இருந்த பிராங்கே அதை அச்சிடவில்லை. உங்களை அனுப்பியது அங்கே இந்தச் சமயத்தை வேரறுக்க, அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அவர் கட்சி. அந்த நூல் சென்னையில் அச்சேறியது 1867இல். ஒருவரிடம் உட்கார்ந்து கேட்கத் தொடங்கினால், வந்த காரியத்தையும் மீறி அது நம்மை எங்கோ இழுத்துக்கொண்டு போகிறது. அவருக்கும் அதுதான் நடந்தது என்று நினைக்கிறேன்.

காசு விஷயம் கேட்பீர்கள், சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது, செமஸ்டர் பங்களிப்புத் தொகை மட்டும்தான். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. விசாவுக்கு வழக்கமாக ஒரு வருஷச் செலவை முடக்கக் கணக்கில் (மாதாமாதம் ஓர் அளவுதான் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) போட்டுக் காட்டச் சொல்வார்கள், 2024 செப்டம்பரில் அதை 11,904 யூரோ ஆக்கினார்கள். இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து ஏ.பி.எஸ். சான்றிதழும் (நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது) வேண்டும், அதற்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். என்னைப்போல ஜெர்மன் வழியில் படிப்பதானால் மொழிக்கே ஒன்றரை வருஷத்துக்குக் குறையாமல் ஒதுக்குங்கள். மூன்று மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்று விளம்பரம் செய்கிறவர்களைப் பார்த்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

தோழி ஊரிலேயே ஆசிரியையாக இருக்கிறாள். சிலை உடைத்த விஷயத்தை எழுதியதற்குக் கண்டிப்பாகக் கீழே வந்து கமெண்ட் போடுவாள், எப்போதும் அவள் அந்தப் பேச்சுக்கு அந்தக் காலத்துச் சூழ்நிலை என்று ஒரு சமாதானம் வைத்திருப்பாள். நடுவில் யாரும் பஞ்சாயத்துக்கு வரவேண்டாம், நாங்கள் பேசிக்கொள்கிறோம்.