கடுவன் கொன்ற குட்டிகள்: யாருடைய நன்மைக்கு?

சென்ற மாசி மாதம் திருநகரில் எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒரு தெருப்பூனை மூன்று குட்டிகளை ஈன்றிருந்தது. கண் திறந்து சில நாட்களே ஆன அவற்றை ஒரு விடியற்காலையில் கடுவன் பூனை ஒன்று கடித்துக் கொன்றுவிட்டது. தின்னவில்லை, கொன்று போட்டுவிட்டுப் போய்விட்டது. தாய்ப்பூனை இரண்டு நாட்கள் அந்தப் படியைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது. மூன்று வாரம் கழிவதற்குள் அதே கடுவனோடு எதிர்வீட்டுச் சுவரில் அதைப் பார்த்தேன். "இனம் அளவுக்கு மீறிப் பெருகாமல் இயற்கை செய்துகொள்ளும் ஏற்பாடு இது" என்று நண்பர் ஒருவர் எனக்கு ஆறுதல் சொன்னார். அன்பினால் சொன்னதுதான், ஆனால் அது தவறு. ஏன் தவறு என்பதை அன்றைக்கு எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

விலங்குகள் தம் இனத்தின் நன்மைக்காகத் தம் எண்ணிக்கையைத் தாமே கட்டுப்படுத்திக்கொள்கின்றன என்ற கருத்தை 1962இல் வின்-எட்வர்ட்ஸ் என்ற உயிரியலாளர் விரிவாக முன்வைத்தார். 1966இல் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற மற்றொரு உயிரியலாளர் அதை அடித்தளத்திலேயே கேள்விக்கு உட்படுத்தினார். கூட்டத்தின் நலனுக்காகத் தன் வாரிசை விட்டுக்கொடுக்கும் விலங்கின் பண்பு அந்த வாரிசோடே அழிந்துபோகும். விட்டுக்கொடுக்காத விலங்கின் பண்புதான் அடுத்த தலைமுறைக்குச் செல்லும். ஆகவே, இயற்கைத் தேர்வில் இனத்திற்கென்று கணக்கு எழுதுவோர் எவரும் இல்லை.

இதை உலகுக்குத் தெளிவாகக் காட்டியவை நம் நாட்டு அனுமன் குரங்குகள். 1962இல் கர்நாடகத்தின் தார்வார் அருகே ஜப்பானிய ஆய்வாளர் யுகிமாரு சுகியாமா, புதிதாக வந்த ஆண் குரங்கு ஒரு கூட்டத்தைக் கைப்பற்றியபின் அங்கிருந்த குட்டிகள் ஒவ்வொன்றாகக் கடிபட்டு மறைந்ததைப் பதிவுசெய்தார். நெரிசலால் விளைந்த சமூக நோய் இது என்று பலர் கருதினர். 1970களில் ராஜஸ்தானின் அபு மலையில் ஆய்வுசெய்த சாரா ஹர்டி வேறு விளக்கம் தந்தார். பாலூட்டும் தாய் எளிதில் கருவுறாது. கூட்டத்தைக் கைப்பற்றிய ஆணோ நெடுங்காலம் அதைத் தக்கவைப்பதில்லை. முந்தைய ஆணின் குட்டி இறந்தால் தாய் விரைவில் மீண்டும் கருத்தரிக்கும். அடுத்து பிறப்பது புதியவனின் குட்டியாக இருக்கும். நேபாளத்தின் ராம்நகரில் செய்யப்பட்டு 1999இல் வெளிவந்த மரபணு ஆய்வில், குட்டிகளைத் தாக்கிய ஆண்களில் எதுவும் அந்தக் குட்டிகளின் தந்தை அல்ல என்பது உறுதியாயிற்று. ஆப்பிரிக்கச் சிங்கங்களிடமும் இதே வழக்கம் உண்டு. என் வீட்டுக் கடுவனுக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. அப்படி நடந்துகொண்ட கடுவன்களின் வழித்தோன்றல்கள் மிகுதியாகப் பிழைத்ததால் அந்த நடத்தை அதனிடம் வந்து சேர்ந்திருக்கிறது என்பதே என் புரிதல்.

இங்கே பலரும் கவனிக்கத் தவறுவது தாயின் பங்கு. கொலை இனத்தின் நன்மைக்கானது என்றால் தாய் அதற்கு உடன்பட வேண்டும். ஆனால் இந்தத் தாய்கள் உடன்படுவதில்லை. கருவுற்றிருக்கும் அனுமன் குரங்குப் பெண்கள் புதிய ஆணோடும் கூடுகின்றன. பிறக்கும் குட்டி தன்னுடையதோ என்ற மயக்கத்தை இது ஆணிடம் உண்டாக்கலாம். பெண் பூனை பல கடுவன்களோடு கூடுவதால் ஒரே ஈற்றில் வெவ்வேறு தந்தையரின் குட்டிகள் பிறப்பதுண்டு. பூனை தன் குட்டியை ஏழு வீடு மாற்றும் என்று என் அப்பத்தா சொல்லுவார். அந்த அலைச்சலுக்குப் பல காரணங்கள் இருக்கலாம்; கடுவனைப் பற்றிய அச்சமும் அவற்றில் ஒன்று என்றே நான் நினைக்கிறேன்.

எல்லாக் கொலைக்கும் இதே விளக்கம் பொருந்தாது. நம் கண்மாய்களின் கருவேல மரங்களில் கூடு கட்டும் உண்ணிக்கொக்கு, முட்டையெல்லாம் இட்டு முடிக்கும் முன்பே அடைகாக்கத் தொடங்கிவிடுகிறது. முதலில் பொரித்த குஞ்சுகள் பெரிதாகி, கடைசிக் குஞ்சைக் கொத்திக் கொல்வதுண்டு. பெற்ற பறவைகள் தடுப்பதில்லை. இரை குறைந்த ஆண்டில் எல்லாக் குஞ்சும் மடியாமல் இரண்டு குஞ்சுகளாவது தப்பும் என்பது அதன் பயன். விரால் குஞ்சு வளர்ப்போர் அவற்றை அளவு பார்த்துப் பிரித்து விடுவார்கள். பிரிக்காவிட்டால் பெரியது சிறியதைத் தின்றுவிடும். அது வெறும் இரை. தன் குட்டியைத் தின்னும் முதலையைச் சங்கப் புலவர்கள் அன்பற்றது என்றார்கள். உண்மையில் நம் சதுப்புநில முதலை தன் குஞ்சுகளை வாயில் ஏந்தி நீருக்குக் கொண்டு செல்கிறது. குஞ்சைத் தின்னும் முதலைகள் பெரும்பாலும் அதன் தாயல்லாத பிற முதலைகளே.

பாலூட்டிகளிடையே தன்னினக் கொலை சராசரியாக எவ்வளவு அரிது என்பதையும் சொல்ல வேண்டும். 2016இல் வெளியான ஓர் ஆய்வு 1,024 பாலூட்டி இனங்களின் இறப்புப் பதிவுகளைத் தொகுத்தது. தன்னினத்தாலேயே நேர்ந்த இறப்புகள் சராசரியாக ஏறத்தாழ 0.3 விழுக்காடு மட்டுமே.

இவ்வளவு எழுதக் காரணம் பூனை மட்டுமன்று. 1980களில் உசிலம்பட்டிப் பகுதியின் பெண்சிசுக்கொலைச் செய்திகள் நாடெங்கும் பேசப்பட்டன. அதையும் "விலங்குகளே செய்கின்றனவே" என்று சொல்லிக் கடந்தவர்களை நான் நேரில் கேட்டிருக்கிறேன். குரங்கு கொல்வது வேற்று ஆணின் குட்டியை. இங்கே கள்ளிப்பால் ஊற்றப்பட்டது சொந்த மகளுக்கு; காரணம் வரதட்சணை. அந்தச் சாவால் தந்தையின் வழி பெருகவில்லை, தாயின் வழியும் பெருகவில்லை. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைக் கொண்டுவரும் நிலைக்கு அரசைத் தள்ளிய அந்தக் கொடுமையில் பரிணாமத்தின் கணக்கைத் தேடுகிறவர்கள், குரங்கையும் படிக்கவில்லை, அந்த வீடுகளின் கடன் நோட்டையும் படிக்கவில்லை.