நாசோஸ் தூண்கள் குறித்து ஒரு திருத்தம்

கிரேக்க நாட்டின் கிரீட் தீவிலுள்ள பண்டைய நாசோஸ் அரண்மனையில் நிற்கும் சிவப்புத் தூண்கள் 3,500 ஆண்டுகளாக அப்படியே நிலைத்திருப்பவை என்று நண்பர் ஒருவர் குறிப்பிட்டிருக்கிறார். அரண்மனையின் தொன்மையில் ஐயமில்லை. ஆனால், அரண்மனை எழுந்த மினோவன் காலத்து (கிரீட்டின் வெண்கலக் கால நாகரிகம்) மூலத் தூண்கள் மரத்தாலானவை என்பதால் எஞ்சவில்லை. இன்று காண்பவை, 1900-இல் அங்கே அகழாய்வைத் தொடங்கிய பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ் பின்னர் கான்கிரீட்டில் எழுப்பி வண்ணம் பூசியவை. வடக்கு வாயிலில் காளைச் சிற்பத்தின் முன் நிற்கும், மேலே பருத்து அடியில் சிறுத்த அந்தப் புகழ்பெற்ற தூண்களும் அவ்வாறே (காளையும் நகல்தான், மூலம் ஹெராக்லியான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது). ஐயமுள்ளவர்கள், அகழாய்வின் தொடக்க ஆண்டுகளில் எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் படங்களைத் தேடி இன்றைய படங்களோடு ஒப்பிடலாம். அல்லது, அதே தீவில் பெரும்பாலும் மறுகட்டுமானம் செய்யாமல் விடப்பட்ட ஃபைஸ்டோஸ் அரண்மனையின் படங்களில், தூண்கள் இருந்த இடத்தில் கல் அடித்தளங்களே தெரிவதைக் காணலாம்.