அம்பாந்தோட்டையும் எங்கள் ஊர் ஒத்திப் பத்திரமும்

கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் வயல் வைத்திருக்கும் எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒத்தி என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. பணம் கொடுத்தவர் வட்டி கேட்க மாட்டார். முதலைத் திருப்பும் வரை வயலின் நெல் அவர் வீட்டுக்குப் போகும். அதனால்தானோ என்னவோ, அம்பாந்தோட்டைத் துறைமுகம் பற்றிப் பேச்சு வந்தாலே, கடன் கட்ட முடியாமல் இலங்கை அதைச் சீனாவுக்கு ஒத்தி எழுதிவிட்டது என்று டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் சொல்லி முடித்துவிடுகிறோம். நானும் சில ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நடந்தது வேறு. முதல் கட்டப் பணிக்குச் சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கி கொடுத்த சுமார் 30 கோடி டாலருக்கு வட்டி 6.3 விழுக்காடு, கப்பல்களோ எதிர்பார்த்த அளவு வரவில்லை. 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்காகச் சீன நிறுவனம் கொடுத்த 112 கோடி டாலர், அந்தத் துறைமுகக் கடனை அடைக்கப் போகாமல் நாட்டின் அன்னியச் செலாவணிக் கையிருப்பைத் தாங்கவே போனது. நம் கணக்கில் சொன்னால், வயலின் மேல் வாங்கிய கடன் அப்படியே நிற்க, அதே வயலை நீண்ட குத்தகைக்கு விட்டு, வந்த பணத்தில் வேறு கடன்காரர்களின் நெருக்கடியைச் சமாளித்த கதை அது. அந்த வேறு கடன்காரர்களில் பெரியவர்கள், 2007 முதல் இலங்கை சர்வதேசச் சந்தையில் விற்றுவந்த டாலர் கடன் பத்திரங்களை வாங்கியவர்கள். சீனாவை மட்டும் கைகாட்டுவோர் இவர்களைப் பற்றி வாய் திறப்பதில்லை.

நம் நாடும் சும்மா கொடுப்பதில்லை. 2022 நெருக்கடியில் இந்தியா செய்த ஏறத்தாழ 400 கோடி டாலர் உதவி, எரிபொருளுக்கும் மருந்துக்கும் தவித்த மக்களை உண்மையாகவே தாங்கியது. தமிழ்நாடு அரசும் அரிசியும் பால் பவுடரும் அனுப்பியது. ஆனால், பல ஆண்டுகள் இழுபறியில் கிடந்த, இலங்கையின் திருகோணமலை எண்ணெய்த் தொட்டிகளில் இந்தியாவுக்குப் பங்கு தரும் உடன்பாடும் அதே ஆண்டு ஜனவரியில்தான் கையெழுத்தானது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கொடுப்பவர் தம் நலனைப் பார்ப்பது இயல்பு. வாங்குபவர் பார்த்தாரா, தவணை தொடங்கும் நாளுக்குள் திட்டத்திலிருந்து டாலர் வருமா, கையெழுத்துக்கு முன் நாடாளுமன்றம் பத்திரத்தை முழுதாகப் படித்ததா என்பவையே என் கேள்விகள்.

இலங்கையை நோக்கி இதைக் கேட்கும்போது கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது. நம் கூடங்குளத்துக்கே 1988இல் சோவியத் ஒன்றியத்தோடு கடனுதவியுடன் உடன்பாடு போடப்பட்டது. அந்தக் கடனின் நிபந்தனைகளைப் படித்தவர்கள் ராதாபுரம் வட்டாரத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? நான் படித்ததில்லை.