அளவுகோலோடு வந்த ஆளுநர்

அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலிருந்த வாஷிங்டன் பிரதேசத்துக்கு 1853-இல் முதல் ஆளுநராக வந்த ஐசக் ஸ்டீவன்ஸைத் திறமையற்றவர் என்று யாரும் சொல்ல முடியாது. வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் 1839-ஆம் ஆண்டு முதலிடத்தில் தேறி, பொறியாளர் படையில் சேர்ந்து, மெக்சிகோ போரில் காயம்பட்டு, பிறகு கடற்கரை அளவைத் துறையில் நிர்வாகம் பழகியவர் அவர். அப்போதைய அதிபர் பிராங்க்ளின் பியர்ஸுக்காகத் தேர்தல் வேலை பார்த்ததும் பதவிக்குக் கைகொடுத்தது என்பது வேறு விஷயம். ஆளுநர் பதவியோடு, பழங்குடியினர் விவகாரக் கண்காணிப்பாளர் பொறுப்பும், பசிபிக் கடற்கரைக்கு வடக்கு ரயில் பாதை தேடும் அளவைக் குழுவின் தலைமையும் அவரிடமே இருந்தன. கோளாறு இங்கேதான் தொடங்கியது என்பது என் கருத்து. பாதைக்கு நிலம் தேடியவரே, அந்த நிலத்தில் குடியிருந்தவர்களின் நலனுக்கும் பொறுப்பாளர் ஆனார்.

நிலத்துக்காகப் பழங்குடியினரோடு ஸ்டீவன்ஸ் செய்து, 1854 டிசம்பர் 26 அன்று கையெழுத்தான மெடிசின் கிரீக் ஒப்பந்தம், சினூக் ஜார்கன் என்ற, சில நூறு சொற்களே கொண்ட வணிகப் பேச்சில்தான் அவர்களுக்கு விளக்கப்பட்டது. பண்டமாற்றுக்குப் பயன்பட்ட அந்தப் பேச்சில், தலைமுறை தலைமுறையாக ஆண்ட நிலத்தின் மீதான உரிமையை விட்டுக்கொடுப்பதை எந்தச் சொல்லால் சொல்லியிருப்பார்கள்? பதிலுக்குக் கிடைத்தவை 32,500 டாலரும், அவர்கள் குடியிருக்க 3 ஒதுக்கிடங்களும். அவற்றில் இரண்டை ஒப்பந்தமே 1,280 ஏக்கர் கொண்ட சதுரத் துண்டுகள் என்று வர்ணிக்கிறது. ஆறும் காடும் கடலும் பின்னிக் கிடக்கும் ஊரில் சதுரம்! அந்தப் பழங்குடிகளில் ஒன்றான நிஸ்குவாலி மக்களுக்கு விழுந்தது, ஆற்றங்கரைப் புல்வெளியை விட்டு விலகிய, மரம் அடர்ந்த மேட்டு நிலம்.

லெஸ்சை என்ற அவர்களின் தலைவர் இந்த ஒப்பந்தத்தை எதிர்த்து நின்றார். 1855-இல் போர் மூண்டது. மறு ஆண்டு பியர்ஸ் மாவட்டத்தில் ராணுவச் சட்டத்தை அறிவித்த ஸ்டீவன்ஸ், அதை ஏற்காமல் நீதிமன்றத்தைக் கூட்டிய தலைமை நீதிபதி எட்வர்ட் லேண்டரையே கைது செய்ய வைத்தார். லெஸ்சை 1858-இல் தூக்கிலிடப்பட்டார். போரில் நடந்த கொலைக்காக அவரை விசாரித்திருக்கவே கூடாது என்று, அந்த வழக்கை மறுபடி ஆராய 2004-இல் கூடிய வரலாற்று நீதிமன்றம் கூறியது. ஸ்டீவன்ஸோ உள்நாட்டுப் போரில், 1862 செப்டம்பர் 1 அன்று ஷான்டிலி களத்தில், படைப்பிரிவின் கொடியைக் கையில் ஏந்தி முன்னேறுகையில் தலையில் குண்டு பாய்ந்து இறந்தார். அந்தத் துணிச்சலை நான் மறுக்கவில்லை. அதே வேகத்தை மனிதர்களோடு பேசும் இடத்திலும் காட்டியதுதான் என் மனக்குறை.

அவருடைய ஒப்பந்தங்களில், வழக்கமான இடங்களில் குடிமக்களோடு பொதுவாக மீன்பிடிக்கும் உரிமை பழங்குடியினருக்கு உண்டு என்று ஒரு வரி இருந்தது. நிலம் கைமாறினால் போதும் என்ற அவசரத்தில் அதை அவர் பெரிதாக எண்ணியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். 1974-இல் நீதிபதி ஜார்ஜ் போல்ட் அந்த வரியைப் படித்து, அந்த இடங்களில் பிடிக்கத்தக்க மீனில் பாதி பழங்குடியினருக்குச் சேர வேண்டும் என்று தீர்ப்பளித்தார்.