மெதுவாகத்தான் ஓடுகிறேன் என்றான்

போன சனிக்கிழமை கனடாவின் ஸ்காபரோவில் ஒரு கலியாண வரவேற்பு. மனைவி காரை எடுத்துக்கொண்டு முன்னரே போய்விட்டதால், உறவுக்காரப் பெடியன் ஒருவன் என்னை வீட்டில் இறக்கிவிடுவதாகச் சொன்னான். 22 வயது. மரியாதையான பிள்ளை. மேசையில் இருந்த போத்தல் எதையும் அவன் தொடவில்லை என்பதைக் கண்ணால் பார்த்ததால்தான் நம்பி ஏறினேன்.

முதல் சிக்னலிலேயே ஏதோ சரியில்லை என்று பட்டது. பச்சை விழுந்துவிட்டது, கார் நகரவில்லை. அவன் விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். "தம்பி, பச்சை" என்றேன். "ஓம் மாமா" என்றான். அதற்குப் பிறகும் ஒரு மூச்சு விடும் நேரம் கழித்துத்தான் கார் அசைந்தது. 60 போட்டிருந்த தெருவில் 40இல் போனான். ஆனால் வெள்ளைக் கோட்டை இந்தப் பக்கம் ஒருக்கா, அந்தப் பக்கம் ஒருக்கா உரசிக்கொண்டு போனான். 401 நெடுஞ்சாலையில் ஏறும் வளைவுக்கு முன்னால் இருந்த பெற்றோல் நிலையத்தில் நிறுத்தச் சொன்னேன்.

"என்னடா எடுத்தனி?"

"ரெண்டு மணித்தியாலத்துக்கு முன்னம் கொஞ்சம் கஞ்சா அடிச்சனான் மாமா. இப்ப ஒண்டும் இல்லை. குடிச்சிட்டுப் பறக்கிற ஆக்கள் மாதிரி இல்லை, நான் மெதுவாத்தானே ஓடுறன்."

அவன் பொய் சொல்லவில்லை. தனக்கு ஒன்றும் இல்லை என்று மனதார நம்பினான். எனக்கு இந்த இரண்டு மூன்று நாளாக நித்திரை வராததற்குக் காரணமே அந்த நம்பிக்கைதான்.

குடித்தவன் வேகமாக ஓடுவான், கஞ்சா எடுத்தவன் மெதுவாக ஓடுவான், முன்னால் போகிற வாகனத்துக்கு இடைவெளியும் கூட விடுவான். இது உண்மைதான், ஆய்வுகளிலும் அப்படித்தான் தெரிகிறது. ஆனால் மெதுவாகப் போவதால் கோட்டுக்குள் நேராகப் போய்விட முடியாது. கண்ணாடி, பின்னால் வரும் லொறி, திடீரென்று ஒளிரும் பிரேக் விளக்கு, இவை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கவனிக்கிற திறமைதான் முதலில் குறைகிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குள் கார் 28 மீட்டர் போய்விடும். அன்றைக்குப் பச்சை விளக்கில் அவன் நின்ற நேரத்தை 401இல் வைத்துப் பாருங்கள்.

கலிபோர்னியாவின் சான் டியாகோவில் வழக்கமாகக் கஞ்சா புகைக்கும் 191 பேரை, தெருவைத் திரையில் காட்டும் மாதிரி வாகனத்தில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். 2022இல் முடிவு வந்தது. புகைத்து அரை மணி நேரத்தில், ஓடுவதற்குப் பலர் தயங்கினார்கள். ஒன்றரை மணி நேரத்தில் அந்தத் தயக்கம் குறைந்துவிட்டது, ஆனால் ஓட்டம் திருந்தவில்லை. நாலரை மணி நேரத்தில்தான், ஒப்பிடுவதற்காகப் போதை நீக்கிய கஞ்சா கொடுக்கப்பட்டவர்களோடு வித்தியாசம் இல்லாமல் போனது. எங்கள் பெடியன் சொன்ன 'ரெண்டு மணித்தியாலம்' சரியாக இந்த இடைவெளிக்குள்தான் வருகிறது.

சாப்பிடுகிற கஞ்சா, அந்த 'gummy' என்கிற மெல்லும் மிட்டாய், இன்னும் மோசமாக ஏமாற்றும். ஏற அரை மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். ஒன்றும் செய்யவில்லையே என்று இன்னொன்றைப் போட்டுவிட்டுச் சாவியை எடுப்பவனுக்கு, நடு ரோட்டில்தான் அது வேலை செய்யத் தொடங்கும்.

எடுத்தவன் எல்லாம் மோதுவான் என்று நான் சொல்லவில்லை. மோதும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்று 2012இல் வந்த பெரிய ஆய்வுத் தொகுப்பு சொன்னது. பிறகு வந்த கணக்குகள் அதைவிடக் குறைத்துச் சொல்கின்றன. மதுவின் ஆபத்து இதைவிடப் பெரிது. இரண்டையும் சேர்த்து எடுத்தால் அதைவிட மோசம், எங்கள் பார்ட்டிகளில் நடப்பதோ அந்தச் சேர்க்கைதான்.

சட்டத்தைப் பற்றிக் கதைத்தால், "இரத்தத்தில் நாள்கணக்கில் கிடக்குமே, இரத்தச் சோதனை நியாயமா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கஞ்சாவின் போதைப்பொருள் கொழுப்பில் தங்கும், தினமும் எடுப்பவரின் இரத்தத்தில் விட்ட பிறகும் காட்டும். இரத்த அளவுக்கும் ஓட்டத்துக்கும் பொருத்தம் இல்லை என்றுதான் அந்த 191 பேரின் ஆய்வும் சொன்னது. அப்படியென்றால் அளவு குறைவாக இருப்பவரும் தன்னை நம்ப முடியாது என்பதுதானே அதன் மறுபக்கம்?

இங்கே கனடாவில் 2018 ஒக்டோபர் 17இல் கஞ்சா சட்டபூர்வமானது எல்லோருக்கும் தெரியும். அதே ஆண்டு டிசம்பர் 18இல் இன்னொன்று மாறியதைப் பலர் கவனிக்கவில்லை. போதையில் வாகனம் ஓடும் குற்றத்துக்கான உச்சத் தண்டனை 5 ஆண்டிலிருந்து 10 ஆண்டானது. குடிவரவுச் சட்டத்தில் அது பாரதூரமான குற்றம் என்ற வகைக்குள் போய்விட்டது. நிரந்தர வதிவிட அட்டையோடு இருப்பவர், மாணவர் விசாவில் வந்தவர், இவர்கள் தண்டப்பணம் மட்டும் கட்டி வெளியே வந்தாலும் நாட்டில் இருக்கும் உரிமையே ஆட்டம் காணலாம். வீட்டை ஈடு வைத்து வந்து சேர்ந்த பிள்ளைகள் எங்களிடம் எத்தனை பேர்! எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் ஜீ2 என்ற புதியவர்களுக்கான லைசென்ஸ் வைத்திருப்பவருக்கும், 21 வயது வரை உள்ளவர்களுக்கும், லொறி ஓடுபவர்களுக்கும் கொஞ்சம்கூட இருக்கக் கூடாது என்பதையும் வீட்டில் ஒருக்கா சொல்லி வையுங்கள்.

ஆனால் வீட்டில் யார் இதைக் கதைக்கிறோம்? குடித்தால் யார் ஓடுவது என்று கலியாணத்துக்கு வெளிக்கிட முன்னமே தீர்மானிக்கிறோம். கஞ்சா என்ற சொல் வாயில் வந்தாலே பிள்ளையின் மானம் போய்விடும் என்று மூடி வைக்கிறோம். பிள்ளையும் மூடி வைக்கிறான். திட்டு வாங்குவதைவிடக் காரை ஓடிக்கொண்டு போவது அவனுக்குச் சுலபமாகத் தெரிகிறது.

அன்றைக்குச் சாவியை வாங்கி நான்தான் ஓடினேன். வழியில் ஒரு சொல்லும் ஏசவில்லை, தாயிடம் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னேன். எந்த நேரம் என்றாலும் போன் எடு, கேள்வி கேட்காமல் வருவேன் என்றேன். அவன் யன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தான், கேட்டானோ தெரியவில்லை.

நேற்று இரவு போன் எடுத்தான். "மாமா, வெள்ளிக்கிழமை மார்க்கம் நகரத்தில ஒரு பார்ட்டி இருக்கு. பன்னிரண்டு மணிக்கு வந்து ஏத்துவீங்களோ? நானும் இன்னும் ரெண்டு பேரும்."

வெள்ளிக்கிழமை நேரத்தோடு படுக்காமல் இருக்க வேண்டும்.