பாராசூட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே

மாணவர்கள் போட்டிக்கு ராக்கெட் செய்து ஏவிய கதையை நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் முழுக்க என்ஜின், நெருப்பு, புகை என்றே போய்விட்டது. இந்தப் போட்டிகளில் எவ்வளவு உயரம் போனது என்பது மட்டும் கணக்கில்லை. அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களுக்காக நடக்கும் ஐரெக் (IREC) ராக்கெட் போட்டியில் 10,000 அடி பிரிவு என்றால், அந்த உயரத்தைத் தாண்டிப் பறந்தாலும் மதிப்பெண் குறையும்.

சரி, மேலே போயாயிற்று. முழுசாக இறங்க வேண்டாமா? பல குழுக்கள் கோட்டை விடுவது இங்கேதான். உச்சியைத் தொட்டதைக் காற்றழுத்தத்தை வைத்து உயரமானி கண்டுபிடிக்கும். உடனே கொஞ்சம் கருமருந்து வெடித்து உடற்குழாயைப் பிரிக்க, சின்ன பாராசூட் வெளியே வரும். பெரியது விரிவது தரைக்குச் சில நூறு அடி இருக்கும்போதுதான். உச்சியிலேயே விரிந்தால் காற்று ராக்கெட்டை எங்கேயோ கொண்டுபோய்ப் போட்டுவிடும். இத்தனைக்கும் ஆதாரம், உயரமானி இருக்கும் அறையின் சுவரில் போடும் சில சின்னத் துளைகள். அவை அடைபட்டால் கருவிக்கு வெளியழுத்தம் தெரியாது, மருந்து தப்பான நேரத்தில் வெடித்து பாராசூட் வெளியே வந்துவிடும்.

அடுத்த பகுதி எழுதுவதாக இருந்தால், ஏவுவதற்கு முன் தரையில் வைத்து எத்தனை முறை மருந்தை வெடித்து உடற்குழாயைப் பிரித்துப் பார்த்தார்கள் என்று அந்தப் பிள்ளைகளிடம் கேட்டு எழுதுங்கள்.