இணைப்பை ஆவணத்துக்கு வெளியே வையுங்கள், நங்கூரத்தைக் காப்பாற்றுங்கள்

ஒரு வலைப்பக்கத்தில் இணைப்பு போட வேண்டுமென்றால், அந்தப் பக்கத்தின் எச்டிஎம்எல் கோப்பைத் திருத்தும் உரிமை நம்மிடம் இருக்க வேண்டும். இதற்குப் பழகிப்போய்விட்டதால் யாரும் இதைக் குறையாகவே பார்ப்பதில்லை. ஆனால் வலை பரவுவதற்கு முன்பே இதற்கு நேர்மாறான அமைப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் ஆவணம் ஓரிடம், இணைப்பு வேறிடம். ஒரே ஆவணத்தின் மேல் மாணவருக்கு ஒரு இணைப்புத் தொகுதி, ஆய்வாளருக்கு இன்னொன்று என்று மாற்றி மாற்றிப் போட முடிந்தது. மூலக் கோப்பில் ஒரு எழுத்தைக்கூடத் தொட வேண்டியதில்லை.

அந்தப் பிரிப்பு சரியானது என்பதே என் கருத்து. அதைச் செய்யத் தேவையான தரநிலைகள் இப்போது கைவசம் இருக்கின்றன. ஆனால் செய்கிறவர்களில் பலர் உழைப்பைத் தவறான இடத்தில் கொட்டுகிறார்கள். இணைப்பைச் சேமிப்பது எளிது. அது ஆவணத்தின் எந்த இடத்தைச் சுட்டுகிறதோ அந்தப் பிடியை, அதாவது நங்கூரத்தை, ஆவணம் மாறிய பிறகும் காப்பாற்றுவதுதான் கடினம்.

கொஞ்சம் வரலாறு. பிரௌன் பல்கலைக்கழகத்தில் 1985-இல் தொடங்கிய இன்டர்மீடியா, இணைப்புகளைத் தனித் தரவுத்தளத்தில் வைத்தது. ஆனால் அதற்குள் வேலை செய்ய வேண்டுமென்றால் உரைத் தொகுப்பி, வரைகலைத் தொகுப்பி எல்லாமே அதன் சட்டகத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். அது ஆப்பிளின் ஏ/யுஎக்ஸ் இயங்குதளத்தை நம்பி இருந்தது. அடித்தளம் மாறி, நிதியும் நின்றதும் மொத்த அமைப்பும் 1991 வாக்கில் முடங்கியது. 1989-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட லிங்க் சர்வீஸ் வேறு வழியில் போனது. ஆவணத்தை அந்தந்தச் செயலியே வைத்துக்கொள்ளட்டும், இணைப்பை மட்டும் ஒரு பொதுச் சேவை பார்த்துக்கொள்ளும் என்றது. இன்றைய மொழியில் சொன்னால் அது மாட்யூலர் சர்வீஸ், அதாவது தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய சேவை. அதிலும் ஒரு சிக்கல்: அந்தச் சேவையோடு பேசுவதற்கான விதிகளை, அதாவது அதன் நெறிமுறையை, ஒவ்வொரு செயலியும் கற்றுக்கொள்ள வேண்டும்.

இந்தச் சிக்கலை நேராக எதிர்கொண்டது சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் மைக்ரோகாஸம். வெண்டி ஹால் தலைமையில் 1980களின் இறுதியில் தொடங்கிய திட்டம் அது. செயலிகளை அது மூன்று தரமாகப் பிரித்தது: தன்னை முழுதாக அறிந்தவை, அரைகுறையாக அறிந்தவை, அறியவே அறியாதவை. மூன்றாம் வகைக்கும் வழி வைத்தது. பயனர் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து கிளிப்போர்டில் நகலெடுத்தால் போதும், அந்தச் சொல்லுக்கு இணைப்பு இருக்கிறதா என்று, இணைப்புகளை மட்டும் சேமித்த தரவுத்தளமான இணைப்புத்தளத்தில் தேடும். சேவை செயலியிடம் கேட்பது எவ்வளவு குறைவோ, அது அவ்வளவு தூரம் பரவும். முப்பது ஆண்டுக்கு மேல் ஆகியும் மாறாத பாடம் இது.

அதே காலத்தில், 1988-இல் நியூ ஹாம்ப்ஷயரின் டெக்ஸ்டர் இன்னில் கூடிய ஆய்வாளர்கள், அதுவரை இருந்த அமைப்புகளுக்கெல்லாம் பொதுவான ஒரு மாதிரியை வரையத் தொடங்கினார்கள். டெக்ஸ்டர் மாதிரியில் மூன்று அடுக்கு: பயனர் பார்க்கும் அடுக்கு, இணைப்புகளும் அவை கோக்கும் ஆவணங்களான கணுக்களும் இருக்கும் சேமிப்பு அடுக்கு, ஆவணத்தின் உள்ளடக்க அடுக்கு. சேமிப்பையும் உள்ளடக்கத்தையும் கோப்பது நங்கூரம். அதற்கு இரண்டு பாகம். ஒன்று மாறாத அடையாள எண், மற்றது ஆவண வகைக்கேற்ற மதிப்பு. இணைப்பு அடையாள எண்ணை மட்டுமே சுட்டும். மதிப்பு எப்படி மாறினாலும் இணைப்பைத் தொட வேண்டாம். இதைவிடத் தெளிவான பிரிப்பை இன்றுவரை நான் பார்த்ததில்லை.

பிறகு வலை வந்தது. 1991-இல் சான் அன்டோனியோவில் நடந்த ஹைப்பர்டெக்ஸ்ட் மாநாட்டில் அதற்குச் செயல்விளக்கம் காட்ட மட்டுமே இடம் கிடைத்தது. இணைப்பைக் கோப்புக்குள்ளேயே புதைக்கிறது, எதிர்த்திசையில் போக முடியாது, மறுமுனை அழிந்தால் யாருக்கும் தெரியாது என்ற விமர்சனங்கள் எல்லாமே உண்மை. ஆனாலும் வலை வென்றது. முகவரி, பக்கத்தைக் கேட்டு வாங்கும் நெறிமுறையான எச்டிடிபி, பக்கத்தை எழுதும் எச்டிஎம்எல் என்று மூன்று தனித்தனிப் பாகங்களாக அது பிரிந்திருந்தது. ஒவ்வொன்றையும் ஒருவரே சில நாளில் எழுதிவிடலாம். யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. 1993 ஏப்ரல் 30 அன்று, வலை பிறந்த செர்ன் ஆய்வகம் அதைப் பொதுவுடைமையாக அறிவித்தது. ஆஸ்திரியாவின் கிராட்ஸில் உருவான ஹைப்பர்-ஜி அமைப்பு இருதிசை இணைப்புகளைத் தனித் தரவுத்தளத்தில் வைத்து, ஆவணம் அழிந்தால் அதைச் சுட்டும் இணைப்புகளையும் சுத்தம் செய்தது. தொழில்நுட்பத்தில் அது மேலானது. ஆனால் அந்த ஒழுங்குக்குள் வர எல்லா சர்வர்களும் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொண்டே இருக்க வேண்டும். உடைந்த இணைப்பைப் பொறுத்துக்கொள்ளும் அமைப்புதான் உலக அளவுக்கு வளரும். இதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் மேற்கொண்டு பேச முடியும்.

மைக்ரோகாஸம் போல இணைப்பை ஆவணத்துக்கு வெளியே வைத்த திறந்த ஹைப்பர்மீடியாக்காரர்கள் 1990களின் நடுவில் தங்கள் அமைப்புகளை ஒன்றோடொன்று பேச வைக்க ஓஎச்பி என்ற பொது நெறிமுறையை வகுக்க முயன்றார்கள். இணைப்பைப் பிடித்துப் போகும் வழிசெலுத்தல், இடஞ்சார் அமைப்பு, வகைப்பாடு என்று எல்லாவற்றையும் ஒரே குடைக்குள் கொண்டுவரப் பார்த்து, கடைசியில் வழிசெலுத்தலுக்கான பகுதியைத் தனியே பிரிக்க வேண்டி வந்தது. அதற்குள் எல்லோரும் எச்டிடிபி பேசத் தொடங்கிவிட்டார்கள். 2001-இல், வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையான எக்ஸ்லிங்க், ஆவணத்துக்கு வெளியே இருக்கும் இணைப்புத்தளத்தையும் பலமுனை இணைப்பையும் முறையாக வரையறுத்தது. பிரௌசர்கள் அந்தப் பகுதியைக் கண்டுகொள்ளவில்லை. ஆனால் அது சாகவும் இல்லை. நிறுவனங்கள் நிதி அறிக்கை தாக்கல் செய்யும் எக்ஸ்பிஆர்எல் இன்றும் அந்த இணைப்புத்தளங்களின் மேல்தான் நிற்கிறது. கணக்குத் தலைப்பின் பெயர் ஒரு தளத்தில், கூட்டல் உறவு இன்னொன்றில், காட்டும் வரிசை வேறொன்றில். ஒரே தலைப்புக்குப் பல மொழிப் பெயர்களைச் சேர்க்க, மூல வரையறையைத் தொட வேண்டியதில்லை.

மாட்யூலர் என்ற சொல்லுக்கு நல்ல எடுத்துக்காட்டு கேட்டால் நான் ட்ரிபிள் ஐஎஃப்பைத்தான் காட்டுவேன். படங்களை வலையில் பகிர நூலகங்களும் அருங்காட்சியகங்களும் சேர்ந்து உருவாக்கிய தரநிலை அது. பட சர்வர் தனி, படங்களின் வரிசையையும் விவரத்தையும் சொல்லும் மேனிஃபெஸ்ட் தனி, மிராடார் போன்ற காட்சிக் கருவி தனி, குறிப்புகள் தனி. பட முகவரியிலேயே பகுதி, அளவு, சுழற்சி, தரம், கோப்பு வடிவம் என்ற ஐந்தும் அதே வரிசையில் வந்துவிடும். பெரிய சர்வர் இல்லாதவர்கள் படத்தை முன்கூட்டியே துண்டுகளாக வெட்டிச் சாதாரணக் கோப்புறையில் வைத்தாலும் தரநிலையின் அடிமட்ட நிலைக்குப் பொருந்தும். குறைந்தபட்சத் தகுதியை இவ்வளவு தாழ்வாக வைத்ததுதான் ஓஎச்பி செய்யாமல் விட்டது. இங்கே அடிக்கடி வரும் கோளாறுகள் இரண்டு. ஒன்று, மேனிஃபெஸ்ட் தரும் சர்வர் பிற தளங்களுக்கு அனுமதி தரும் கோர்ஸ் தலைப்பை அனுப்பாமல் விடுவது. கோப்பை நேரடியாகத் திறந்தால் வரும், காட்சிக் கருவியில் வராது. மற்றது, மேனிஃபெஸ்ட்டுக்குள் பழைய எச்டிடிபி முகவரிகள் இருப்பது. பாதுகாப்பான பக்கத்திலிருந்து பிரௌசர் அவற்றை எடுக்காது.

இனி உரைக்கு வருவோம். 2017 பிப்ரவரியில் டபிள்யூ3சி, வலைப்பக்கங்களின் மேல் வெளியிலிருந்து குறிப்பு எழுதுவதற்கான வலைக் குறிப்புரைத் தரநிலைகளை வெளியிட்டது. வெளியிலிருந்து உரையின் ஒரு பகுதியைச் சுட்ட அதில் முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எத்தனையாவது எழுத்தில் தொடங்கி எத்தனையாவதில் முடிகிறது என்ற இட எண். மற்றது, சுட்டும் சொற்களையே மேற்கோளாக, அவற்றின் முன்னும் பின்னும் வரும் உரையோடு சேர்த்து வைப்பது. இரண்டையும் சேர்த்தே சேமியுங்கள். இட எண் வேகமானது, ஆனால் மேலே ஒரு வரி சேர்ந்தால் போயிற்று. மேற்கோள் மெதுவானது, ஆனால் உரை நகர்ந்தாலும் தேடிப் பிடிக்கும்.

தேடும் வரிசையும் முக்கியம். முதலில் இட எண்ணுக்குப் போய், அங்கே இருக்கும் உரை மேற்கோளோடு பொருந்துகிறதா என்று சரிபார்க்க வேண்டும். சரிபார்க்காமல் ஏற்றுக்கொண்டால் குறிப்பு வேறொரு வாக்கியத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், யாருக்கும் தெரியாது. பொருந்தாவிட்டால் மேற்கோளை அப்படியே தேட வேண்டும். ஒன்றுக்கு மேல் அகப்பட்டால் முன்பின் உரையை வைத்துத் தீர்க்க வேண்டும். ஒன்றுமே அகப்படாதபோதுதான், சில எழுத்து மாறியிருந்தாலும் ஏற்கும் தோராயத் தேடல். வலைப்பக்கங்களில் குறிப்பெழுத உதவும் ஹைப்பாதிசிஸ் கருவி முன்பின் உரையாக 32 எழுத்து எடுக்கிறது. ஆங்கிலத்தில் அது ஐந்தாறு சொல். தமிழில் மெய்ப்புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனியாக எண்ணப்படுவதால் மூன்று நான்கு சொல்தான் தேறும். தமிழ் உரைக்கு 64 வையுங்கள். இப்படித் தனித்தனியாக எண்ணப்படும் ஒவ்வொன்றுக்கும் யூனிகோடு தரும் எண் குறியெண்; ஒரு தமிழ்க் குறியெண்ணைச் சேமிக்க யுடிஎஃப்-8 முறையில் 3 பைட், ஆக முன் உரைக்கும் பின் உரைக்கும் தலா 192 பைட்டுக்கு மேல் போகாது. சேமிப்புச் செலவு ஒரு பொருட்டே இல்லை.

தமிழில் நங்கூரம் அறுந்துபோக இன்னொரு காரணம் உண்டு, அது கண்ணுக்குத் தெரியாது. ‘கொடு’ என்ற சொல்லை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறியை ஒரே குறியாக வைத்தால் மொத்தம் 4 குறியெண், 12 பைட். ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்து வைத்தால் 5 குறியெண், 15 பைட். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் கணினி இரண்டும் வேறு என்றே சொல்லும். ஆகவே ஒப்பிடும் முன் மேற்கோள், ஆவணம் இரண்டையும் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோடின் பொது வடிவத்துக்கு மாற்ற வேண்டும். ஆனால் இட எண்ணை மூல உரையிலேயே எண்ணுங்கள், மாற்றிய உரையில் எண்ணினால் எல்லாம் ஓரிரு இடம் தள்ளிப்போகும். மாற்றிய உரைக்கும் மூலத்துக்கும் இடையே ஒரு பொருத்தப் பட்டியல் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை தீரும். அகலமில்லா இணைப்புத் தடுப்பான் போன்ற மறைகுறிகளையும் ஒப்பிடும்போது நீக்கிவிடுங்கள். தரநிலை எண்ணச் சொல்வது யூனிகோடு குறியெண்களை. ஜாவாஸ்கிரிப்ட் எண்ணுவது யுடிஎஃப்-16 அலகுகளை. தமிழ் எழுத்துகளில் இரண்டும் சமம், ஆனால் பெரும்பாலான இமோஜிகளுக்கு இரண்டு அலகு வேண்டும் என்பதால், நடுவில் ஒன்று வந்தால் அதற்குப் பிறகு ஜாவாஸ்கிரிப்ட் சொல்லும் எல்லா எண்ணும் ஒன்றாவது அதிகமாகிவிடும். சோதனை உரையில் இமோஜி இல்லாததால் இந்தப் பிழை பல கருவிகளில் வெளியே வராமலே கிடக்கிறது.

தோராயத் தேடலில் பேராசை வேண்டாம். பத்துக் குறியெண்ணுக்குக் குறைவான மேற்கோளுக்கு அதைப் பயன்படுத்தவே கூடாது. ‘வந்தது’ என்பது ‘தந்தது’ மேல் போய் ஒட்டும். நீண்ட மேற்கோளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேறுபட்டால் கைவிடுங்கள். கைவிட்டதை அழிக்கவும் கூடாது. அநாதைக் குறிப்புகள் என்று தனிப் பட்டியலில், குறிப்பு எழுதப்பட்ட நேரத்தோடு காட்டுங்கள். எழுதப்பட்ட நேரம் தெரிந்தால், ஆர்எஃப்சி 7089 என்ற இணையத் தரநிலை ஆவணம் சொல்லும் மெமென்டோ முறைப்படி, காப்பகத்தில் அந்தத் தேதியை ஒட்டிய பிரதியைக் கேட்டு வாங்கலாம். குறிப்பு அங்கே சரியாகப் பொருந்தும் வாய்ப்பு அதிகம்.

மைக்ரோகாஸத்தின் மிகச் சிறந்த யோசனை பொது இணைப்பு: ஒரு சொல்லுக்கு ஒருமுறை இணைப்பு கொடுத்தால், அது எந்த ஆவணத்தில் எங்கே வந்தாலும் வேலை செய்யும். கலைச்சொல் அகராதியை எல்லாப் பக்கத்தின் மேலும் விரிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் தமிழுக்கு அப்படியே பொருந்தாது. ‘மரம்’ என்று பதிந்தால் ‘மரத்தை’, ‘மரங்கள்’ இரண்டும் தப்பிவிடும். வெறும் எழுத்துத் தொடராகத் தேடினால் ‘கல்’ என்பது ‘கல்வி’க்குள் மாட்டும். ஆகவே முதலில் சொல்லெல்லையைப் பிரித்து, வேற்றுமை உருபையும் சாரியையையும் நீக்கி, வேர்ச்சொல்லை வைத்தே இணைப்புத்தளத்தைக் கேட்க வேண்டும். ஆயிரக்கணக்கான சொற்களை ஒரே ஓட்டத்தில் தேட 1975-இல் வந்த ஆஹோ–கொராசிக் முறையே போதும். ஒரு பத்தியில் ஒரு சொல்லுக்கு ஒரு இணைப்புக்கு மேல் காட்டாதீர்கள், படிக்கவே முடியாமல் போகும்.

இணைப்புச் சேவையை வலைக்குக் கொண்டுவர சவுத்தாம்ப்டன்காரர்கள் 1990களின் நடுவில் ப்ராக்ஸியைப் பயன்படுத்தினார்கள். பக்கம் வரும் வழியில் இடைமறித்து இணைப்புகளைச் சேர்த்து அனுப்பினார்கள். பக்கத்தை மறையாக்கி அனுப்பும் எச்டிடிபிஎஸ் எங்கும் பரவிய பிறகு அந்த வழி அடைபட்டது. இப்போது பிரௌசர் நீட்சிதான் வழி. இதில் பலரும் யோசிக்காத ஆபத்து ஒன்று இருக்கிறது. திறக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் ‘இதற்கு இணைப்பு உண்டா’ என்று நீட்சி சேவையிடம் கேட்டால், பயனர் என்னவெல்லாம் படிக்கிறார் என்ற முழு வரலாறும் அந்த சர்வரில் சேர்ந்துவிடும். கேட்காமலே இருக்க வழி செய்யுங்கள். ஒரு தளத்துக்கான இணைப்புத்தொகுதி முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். இணைப்பு ஒன்றுக்கு 1 கிலோபைட் என்று வைத்தாலும் பத்தாயிரம் இணைப்பு 10 மெகாபைட்தான், சுருக்கினால் இன்னும் குறையும். தொகுதி பெரிதென்றால் முகவரியிலிருந்து கணக்கிட்ட சுருக்கக் குறியான ஹாஷ் மதிப்பில் முதல் சில எழுத்துகளை மட்டும் அனுப்பி, பொருந்தும் எல்லாவற்றையும் வாங்கி, தேவையானதைப் பயனர் கணினியிலேயே பொறுக்கிக்கொள்ளலாம்.

கோப்பு வடிவத்துக்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். ஆர்எஃப்சி 8288 வகுத்த இணைப்பு மாதிரியை ஆவணத்துக்கு வெளியே தனி ஜேசன் கோப்பாக வைக்க 2022-இல் வந்த ஆர்எஃப்சி 9264 இருக்கிறது, பெயர் லிங்க்செட். முழுப் பக்கத்தைச் சுட்டும் இணைப்புக்கு அது போதும். பக்கத்துக்குள் ஒரு சொற்றொடரைச் சுட்ட வலைக் குறிப்புரை வடிவம். இரண்டையும் எந்தச் சாதாரண வலை சர்வரிலும் நிலையான கோப்பாகவே வைக்கலாம்.

தளம் நடத்துபவர்கள் செய்ய வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது. ஒரே பக்கம் நான்கு முகவரியில் திறந்தால் குறிப்புகளும் நான்காகச் சிதறும், ஆகவே முதன்மை முகவரி எது என்று கனோனிக்கல் குறியால் சொல்லுங்கள். விளம்பரத் தடங்காட்டி ஒட்டுகள் இல்லாத முகவரியாக அது இருக்கட்டும். பத்திகளுக்கு ஐடி, அதாவது அடையாளப் பெயர் கொடுங்கள், ஆனால் வரிசை எண்ணாக வேண்டாம். நடுவில் ஒரு பத்தி சேர்ந்தால் p7 என்பது p8 ஆகிவிடும், அதைச் சுட்டியவர் எல்லோரும் ஏமாறுவார்கள். பத்தி முதன்முதலில் எழுதப்படும்போதே தற்செயலாக நான்கைந்து எழுத்தில் ஒரு ஐடி உருவாக்கி, தரவுத்தளத்தில் அந்தப் பத்தியோடேயே சேமித்துவிடுங்கள். திருத்தினாலும் இடம் மாற்றினாலும் அது கூடவே போகட்டும். பத்தியை நீக்கினால் அந்த ஐடியை வேறு எதற்கும் மறுபடி தராதீர்கள்.